பழைய மஹிந்திரா ஜீப்: உங்களிடம் இருப்பது உண்மையில் எந்த மாடல்?

ஒரே ஒரு கிளட்ச் பிளேட்டுக்காகப் போடியிலிருந்து மதுரைக்கு இரண்டு முறை பஸ் ஏறியவன் நான். முதல் முறை கடைக்காரர் "எந்த வண்டி?" என்று கேட்டார். "எம்எம் 540" என்றேன், விற்றவர் அப்படித்தான் சொன்னார், பானட்டிலும் அப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கொண்டுவந்த பிளேட் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஏறவே இல்லை. இரண்டாம் முறை "அப்போ சிஜேயா இருக்கும்" என்று இன்னொரு பழைய மஹிந்திரா மாடலைச் சொல்லி அவர் எடுத்துக் கொடுத்ததும் ஏறவில்லை. மூன்றாவது முறை கிளம்பும்போது எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் நிறுத்தினார். "தம்பி, பேரைச் சொல்லி சாமான் வாங்காத, அளவைச் சொல்லி வாங்கு. உன் ஒரு வண்டிக்குள்ள நாலு வண்டி இருக்கு."

அவர் சொன்னது சரிதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வண்டிகள் நிற்பதே இல்லை. எஞ்சின் போனால் கைக்குக் கிடைத்த வேறொரு எஞ்சின், ஹவுசிங் உடைந்தால் உடைப்புக் கடையில் கிடைத்த இன்னொரு ஹவுசிங். முப்பது, நாற்பது வருடம் இப்படி ஓடிய வண்டிக்கு ஒரே மாடல் பெயர் வைத்தால் அது பாதிதான் உண்மை. அதனால் கீழே மாடல் வாரியாக எழுதாமல், என்ன தொல்லை வருகிறதோ அதை வைத்தே எழுதுகிறேன். தேவையானவை: இஞ்சும் மில்லிமீட்டரும் போட்ட டேப், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, சாக்பீஸ், நைசான உப்புத்தாள், டார்ச், ஒரு நோட்டு. வெர்னியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் லேத்து பட்டறையில் இரவல் கிடைக்கும்.

ஆர்சியில் ஒரு மாடல், பானட்டில் இன்னொரு மாடல்

பானட், கிரில், ஸ்டிக்கர், மட்கார்டு எதையும் நம்பாதீர்கள். இவை எல்லாம் பட்டறையில் ஒரே நாளில் மாறிவிடும், இராணுவப் பச்சை அடித்துவிட்டால் எல்லாமே "ஆர்மி ஏலத்தில் எடுத்தது" ஆகிவிடும். சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது சேஸ், அதாவது அந்த இரண்டு நீள இரும்பு. எண் அதில்தான் குத்தியிருக்கும்.

பழைய ஜீப்பில் எண்ணைத் தேட, முன் சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு சேஸின் முன்பகுதியை வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். நாலைந்து கோட் பெயின்டும் கிரீசும் மண்ணும் சேர்ந்து அப்பியிருக்கும். சாணை மெஷின் வைக்கவே வைக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும், பிறகு ஆர்டிஓவிடம் அது அழித்த எண்ணாகத்தான் தெரியும். மண்ணெண்ணெய்யில் நனைத்த துணி, அப்புறம் பெயின்ட் ரிமூவர், கடைசியில் உப்புத்தாளால் மெதுவாக. எழுத்து தெரிந்ததும் ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். பைனான்ஸ்காரர்கள் பென்சில் பிரிண்ட் எடுப்பது இப்படித்தான். கண்ணுக்கு 3 போலத் தெரிந்தது பிரிண்டில் 8 ஆகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எண் 17 எழுத்தாக இருந்து 'எம்ஏ1' என்று தொடங்கினால் அது மஹிந்திராவின் உலகக் குறியீடு. பழைய வண்டிகளில் இதைவிடச் சின்ன எண்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: எண்ணைச் சுற்றி சதுரமாக வெல்டிங் தடம் இருந்தால், அந்த இடத்து இரும்பு மட்டும் வழவழப்பாக இருந்தால், எழுத்துகள் வரிசை கலைந்து ஏற்ற இறக்கமாக இருந்தால், விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து ஆர்சி புக்கை எடுங்கள். நாம் யாரும் படிக்காத பகுதி அது. தயாரித்த மாதம் வருடம், சிலிண்டர் எண்ணிக்கை, சிசி, வீல்பேஸ், காலி எடை, இருக்கைகள் எல்லாம் அதில் இருக்கும். இவற்றில் சிசி, வீல்பேஸ் இரண்டையும் நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இனி அளக்கப்போவதை எல்லாம் இந்த இரண்டோடுதான் ஒப்பிடப்போகிறோம். என் ஆர்சியில் மாடல் 'சிஜே 500டி' என்றிருந்தது. வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் அதைப் படித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஜீப்பைவிட நம்முடையது குட்டையாகத் தெரிகிறது

கண்ணை நம்ப வேண்டாம், பாடியைப் பின்னால் நீட்டி ஒட்டியிருப்பார்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து தூக்குக்குண்டை விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி. பின் சக்கரத்துக்கும் அதேபோல். இரண்டு புள்ளிக்கும் இடையே அளந்தால் அதுதான் வீல்பேஸ். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், வலதுக்கும் இடதுக்கும் அரை இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஸ்பிரிங் பட்டை நகர்ந்திருக்கும், அல்லது சேஸ் எங்கோ அடி வாங்கியிருக்கும்.

80 இஞ்சு, அதாவது 2032 மில்லிமீட்டர் வந்தால் அது குட்டை ஜீப், முதன்முதலில் ஜீப் செய்த அமெரிக்கக் கம்பெனிகளில் ஒன்றான வில்லிஸ் காலத்து அளவு. அமெரிக்காவில் 1953இல் வந்த சிஜே 3பி இந்த அளவுதான், அங்கே 1968இல் நின்றுபோன பிறகும் இங்கே மஹிந்திரா அதைத் தொடர்ந்து செய்தது. 91 இஞ்சு, 2310 பக்கம் வந்தால் சிஜே 4ஏ, சிஜே 500டி, எம்எம் 540, எம்எம் 550 எதுவாகவும் இருக்கலாம். நான் ஏமாந்த இடம் இதுதான். சிஜே 500டியும் எம்எம் 540உம் நீளத்தில் ஒன்று என்பதால் அளந்தாலும் குட்டு வெளிப்படாது. இதைவிட நன்றாகவே நீளமாக இருந்து பின்னால் பெஞ்சு சீட் போட ஏகப்பட்ட இடம் இருந்தால் அது கமாண்டர் வகை.

எஞ்சின் சாமான் எதுவும் பொருந்துவதில்லை

இதில் கொஞ்சம் நின்று போகலாம், பணம் அதிகம் போவது இங்கேதான்.

பெட்ரோல் என்றால் முதலில் கார்புரேட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நேராக ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்து, எக்சாஸ்ட் மட்டும் பிளாக்கின் பக்கவாட்டில் கிளம்பினால் அது ஹரிக்கேன் எஃப்-ஹெட். உள்ளே இழுக்கும் வால்வு மேலே, புகை தள்ளும் வால்வு பக்கத்தில் என்று பாதிப் பாதியாகச் செய்த எஞ்சின். இதனால் உயரம் கூடியதால்தான் சிஜே 3பிக்கு அந்த உயரமான பானட்டே வந்தது. ஹெட் வெறும் தட்டையான மூடி போல இருந்து, கார்புரேட்டர் பக்கவாட்டு மேனிஃபோல்டில் தொங்கினால் அதற்கும் முந்திய கோ-டெவில் எல்-ஹெட், போர்க்கால வில்லிஸ் எஞ்சின். இரண்டுமே 134 கன இஞ்சு, 2199 சிசி, ஆகையால் ஆர்சியில் சிசியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

டீசல் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது எம்டி 2350, இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் எஞ்சின் வழி வந்தது, சிஜே 500டியில் வந்ததும் இதுதான். இரண்டாவது பெஜோ எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி, எம்எம் 540க்குப் பெயர் வாங்கிக் கொடுத்த எஞ்சின். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். மூன்றாவது எம்டிஐ, 2523 சிசி, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இவை போக பெஜோ எக்ஸ்டி3பி என்று 2498 சிசியில் ஒரு பெரிய அண்ணனும் உண்டு.

எதையும் கழற்றாமல் பிரிக்க ஒரு வழி, ஹீட்டர் பிளக். பெஜோவில் டீசல் முதலில் ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் பாய்கிறது, அந்த அறை காலைக் குளிரில் சூடாகாவிட்டால் பற்றாது. அதனால் ஒவ்வொரு நாசிலுக்குப் பக்கத்திலும் பென்சில் பருமனில் ஒரு பிளக், நான்கையும் இணைக்கும் ஒரு கம்பி அல்லது பட்டைத் தகடு இருக்கும். எம்டிஐயில் டீசல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால் இந்த வரிசை இருக்காது. கொடைக்கானல் குளிரில் காலையில் சாவியைப் போட்டு பத்து எண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்கிறவர் வண்டி பெஜோவாக இருக்க வாய்ப்பு அதிகம். சத்தமும் காட்டிக்கொடுக்கும். எம்டிஐ சும்மா நிற்கும்போதே டிராக்டர் போல தடதடக்கும், பெஜோ கொஞ்சம் நாசூக்கு.

ஹெட்டைக் கழற்றிய நிலையில் இருந்தால் போரை மட்டும் அளந்து முடிவு செய்யாதீர்கள். பெஜோ 90, எம்டிஐ 88.9. வித்தியாசம் 1.1 மில்லிமீட்டர்தான், தேய்ந்த சிலிண்டரில் சாதாரண ஸ்கேலை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது. ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளங்கள். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிறகு அடியில் நிறுத்தி, இரண்டு ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம். பெஜோவில் 83 வரும், எம்டிஐயில் 101.6, அதாவது சரியாக 4 இஞ்சு. எக்ஸ்டி3பி என்றால் 94 போர், 90 ஸ்ட்ரோக். 90 என்ற எண் ஒன்றில் போர், இன்னொன்றில் ஸ்ட்ரோக் என்பதால் கடையில் "தொண்ணூறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் என்ன கிடைக்கும் என்பது கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

என் வண்டியில் ஹீட்டர் பிளக் நான்கும் இருந்தன, ஸ்ட்ரோக் 83. ஆர்சியில் பார்த்தால் 2350 சிசி. சிஜே 500டியின் எஞ்சினைத் தூக்கிவிட்டு யாரோ பெஜோவை இறக்கியிருக்கிறார்கள், ஆனால் ஆர்சியில் ஏற்றவில்லை. இது வெறும் பட்டறை விஷயமல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தில் கறாராகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது எஞ்சின் எண்ணைத்தான். வாங்கும் முன்பு என்றால், எஞ்சின் எண்ணையும் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் விற்பவர் செலவிலேயே ஆர்டிஓவில் சரிசெய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கிளட்ச் பிளேட் ஏறவில்லை

எஞ்சினுக்கு ஏற்ற பிளேட் வாங்குகிறோம், ஆனால் பிளேட்டின் நடுப்பல் மாட்டுவது கியர்பாக்ஸ் ஷாஃப்டில். விளிம்பு எஞ்சின் பக்கத்து ஃபிளைவீலுக்கு, நடு கியர்பாக்ஸுக்கு. இரண்டும் ஒரே வண்டியிலிருந்து வந்திருந்தால் பெயர் போதும், கலப்படம் என்றால் பெயர் உதவாது. நான் செய்த தவறு இதுதான். பழைய பிளேட்டையே கையில் எடுத்துப் போங்கள்: வெளி விட்டம், நடுவில் எத்தனை பல், நடு ஓட்டையின் விட்டம்.

கியர்பாக்ஸை அடையாளம் காண முன்னால் போகும் கியரை எண்ணுங்கள். மூன்று கியர், முதல் கியர் ஓடும்போது விழவே விழாமல் கரகரத்தால் வில்லிஸ் வழி டி-90. நான்கு என்றால் கேஎம்டி 90 ஆக இருக்கலாம், எம்எம் 540இல் வந்தது அது. ஐந்து என்றால் பெஜோவின் பிஏ 10 அல்லது அதற்குப் பிறகு வந்த ஒன்று.

இடது பக்க வீல் நட்டு கழலவே மாட்டேன் என்கிறது

நிறுத்துங்கள், குழாயை மாட்டி இழுக்காதீர்கள். பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடதுமரை, நாம் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், 'எல்' என்று குத்தியிருந்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். ஒரு பஞ்சர் கடையில் என் கண் முன்னாலேயே இரண்டு ஸ்டட் முறிந்தன, பையன் பாவம், நாலடிக் குழாயில் தொங்கினான். இடதுமரை ஒரு பக்கம் முழுக்க இருந்தால் ஹப்புகள் அந்தக் காலத்தவை. முன்னால் இருந்து பின்னால் இல்லை என்றால் பின் ஆக்சில் வேறு வண்டியுடையது.

போல்ட் அமைப்பை வைத்து மாடல் கண்டுபிடிக்க முயல வேண்டாம். ஐந்து போல்ட் டிஸ்கில் பக்கத்துப் பக்கத்து ஸ்டட் நடுவுக்கு நடு அளந்து 1.7ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 82 மில்லிமீட்டர் வந்தால் 139.7, அதாவது ஐந்தரை இஞ்சு. வில்லிஸும் அதுதான், மாருதி ஜிப்ஸியும் அதுதான்.

பிரேக் ஷூ வாங்கும்போதும் ட்ரம்மின் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். பழையதில் 9 இஞ்சு, பின்னாளில் 11 இஞ்சு, ஒரே வண்டியில் முன்னும் பின்னும் வேறாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஸ்பீடாமீட்டர் ஒன்று சொல்கிறது, போன் ஒன்று சொல்கிறது, எஞ்சின் கத்துகிறது

இது கிரவுன் பினியன் விஷயம், அதாவது ஆக்சிலுக்குள் ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் இரண்டு பல்சக்கரங்கள், பெரியது கிரவுன், சின்னது பினியன். ஜீப்பில் அடிக்கடி கையில் கிடைப்பவை 5.38, 4.88 என்ற இரண்டு. முதலாவதில் கிரவுனில் 43 பல், பினியனில் 8. இரண்டாவதில் 39, 8. 215/75 ஆர் 15 டயர் போட்ட வண்டியில் டாப் கியர் நேர் கியராக (எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்டும் ஒரு சுற்று) இருந்து, எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் முதலாவது மணிக்கு ஏறக்குறைய 74 கிலோமீட்டர் தரும், இரண்டாவது 82. மலைக்கு முதலாவது, தேனி-மதுரை ரோட்டுக்கு இரண்டாவது.

திறக்காமல் கண்டுபிடிக்கலாம். வண்டி சமதரையில், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில், மற்ற மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் மரக்கட்டை ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே தலையை நீட்டாதீர்கள். ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான ஜாயிண்ட் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, டயரில் ஒரு கோடு. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். ஒருவர் சக்கரத்தை 20 சுற்று சுற்றட்டும், இன்னொருவர் ஷாஃப்டை எண்ணட்டும். 54 பக்கம் வந்தால் 5.38, 49 பக்கம் வந்தால் 4.88. இரண்டு சுற்றோடு நிறுத்தினால் ஐந்தா ஐந்தே காலா என்று சண்டைதான் வரும், அதனால்தான் 20.

ஃபோர் வீல் போட்டால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, அல்லது ஒன்றுமே நடப்பதில்லை

ஒன்றுமே நடக்காவிட்டால் குனிந்து பாருங்கள். முன் ஆக்சிலில் பூசணிக்காய் போன்ற டிஃப்ரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) வீக்கம் இருக்கிறதா, அதற்கு ஷாஃப்ட் வருகிறதா? வீக்கம் இல்லாத வெறும் ஆக்சில் என்றால் டூ வீல் டிரைவ், உள்ளே நிற்கும் லிவர் வெறும் அலங்காரம். வீக்கமும் ஷாஃப்டும் இருந்தால் முன் ஹப்பில் திருகும் லாக் இருக்கிறதா, அது 'லாக்'கில் நிற்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். வில்லிஸ் வழி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டியில் பின்பக்க டிஃப்ரன்ஷியலும் நடுவில் இருக்காது, வலது பக்கம் தள்ளியிருக்கும். அது நட்டநடுவில் இருந்தால் பின் ஆக்சில் எங்கிருந்து வந்தது என்று சந்தேகப்படுங்கள்.

இழுத்துப் பிடிப்பதில் இரண்டு விதம். காய்ந்த தார் ரோட்டில் வளைவில் மட்டும் பிடித்தால் அது கோளாறே இல்லை, இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் கிடையாது, சேறு, மணல், பாறையில் மட்டுமே போட வேண்டிய சமாச்சாரம். ஆனால் நேர் ரோட்டிலேயே பத்தடி போவதற்குள் வண்டி குறுகிக்கொண்டு, லிவர் திரும்ப வராமல் அடம்பிடித்தால் முன்னும் பின்னும் வேறு வேறு கிரவுன் பினியன். முன்னால் 5.38, பின்னால் 4.88 என்று வைத்துக்கொள்ளுங்கள், பின் சக்கரம் பத்து மீட்டர் போகும் நேரத்தில் முன் சக்கரம் ஒன்பதே மீட்டர்தான் போக நினைக்கும். மிச்ச ஒரு மீட்டரை டயர் தேய்ந்தோ, ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் உடைந்தோதான் ஈடுகட்ட வேண்டும்.

என் வண்டியில் பின்னால் எண்ணியபோது 49. முன்னால் அதே மாதிரி எண்ணியதில் 54. குரங்கணி மேட்டில் இரண்டு முறை கிராஸ் போனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது, அதுவரை ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் 43-8 செட் ஒன்றைத் தேடிப் போட்டோம். வேலை முடிந்ததும் மெக்கானிக் அண்ணன் வெள்ளைப் பெயின்டை எடுத்து பானட்டின் உள்பக்கம் எழுதினார்: பெஜோ 90x83. முன் 43-8. பின் 43-8. கிளட்ச் பல்லின் எண்ணிக்கையை எழுத மட்டும் என்னைக் கூப்பிட்டு, "நீயே எழுது தம்பி, உனக்குத்தான் அது மறக்காது" என்றார்.